இயந்திரம் சொல்வதற்குள்

மூன்று வயது மகள் என் மடியில் அனலாகக் கிடக்கிறாள். அவள் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்த சளியை, மேசையிலிருக்கும் வெள்ளை இயந்திரம் கால் மணி நேரமாக முனகிக்கொண்டே ஆராய்கிறது. எந்த வைரஸ் என்று அது சொல்வதற்குள் டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிவிட்டார். "வைரஸா இருந்தா இது கேக்காதே, டாக்டர்?" என்கிறேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்று பேனா மூடியால் காது குடைகிறார். என் மனைவியின் காய்ச்சலுக்கும் இதையேதான் சொன்னார். அவளுடைய பரிசோதனை முடிவு அவள் இறந்துபோன மறுநாள் வந்தது. இயந்திரம் கீச்சிடுகிறது; நர்ஸ் தாளை நீட்டுகிறாள். நுரையீரலைப் பிடிக்கும் வைரஸ். டாக்டரின் முகம் மலர்கிறது. "பாத்தீங்களா, நான் நெனச்சதேதான்!" என்று சீட்டில் ஆன்டிபயாட்டிக்கை ஐந்து நாளிலிருந்து ஏழு நாளாகத் திருத்துகிறார். "படிச்சவருக்கு இப்ப நிம்மதியா?" என்று என்னிடம் சிரிக்கிறார். நான் மகளின் விலா ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். வாசல்வரை வந்த நர்ஸ் தாழ்ந்த குரலில், "அண்ணா, மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்ள போனாலோ, தண்ணி குடிக்கலைன்னாலோ உடனே தூக்கிட்டு வந்துடுங்க" என்கிறாள். மருந்துச் சீட்டைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் அதை எழுதிக்கொள்கிறேன். அந்தத் தாள் இதற்காவது உதவட்டும்.