வயர் வைத்த மிஷின்

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. ஓடிக்கொண்டிருந்த ஒரு மிஷின் நின்றுபோன கதை. சின்னதுதான். கேட்டு எழுந்திருக்கையில் நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

மாரிக்கனியின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.

அடுக்களை ஜன்னலோரம் சுவிட்சு. அதில் செருகிய மஞ்சள் வயர் கம்பிகளுக்கு நடுவே வெளியே இறங்கி, ஈரக் கொல்லையைக் கடந்து, அவள் புருஷன் சீனிராசுவின் முதுகுப் பக்கமாக வளைந்து, கையிலிருந்த மிஷினில் போய் முடிந்தது.

மரம் அறுக்கிற மிஷின்.

ஐப்பசிக் காற்று வேம்பின் பெரிய கிளையை முறித்துக் கொல்லை வாசலில் போட்டிருந்தது. கதவைத் திறக்க வழியில்லை. வீட்டைச் சுற்றித்தான் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது.

ஆள் வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"



பங்குனியில்தான் ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சைத் திறந்து தைத்திருந்தார்கள். நடக்கலாம், குனியலாம், சின்னச் சின்ன வேலை பார்க்கலாம். உயரத்தில் மட்டும் ஏறக்கூடாது, சாப்பிடுகிற மாத்திரைக்குத் தலை சுற்றும் என்று டாக்டர் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றிலிருந்து மனிதர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குடத்தைத் தொட்டால் அவள் பறித்துக்கொள்வாள். பை தூக்கினால் பறித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் அந்த முகம் சுருங்கும். இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

தானே அறுக்க ஒரு மிஷின் வாங்கப்போவதாக அவர் சொன்னதும், சரி, வாங்குங்கள் என்றாள்.

கடையில் இரண்டு வகை இருந்தது.

"பெட்ரோல் மிஷின்னா வயரே கிடையாது அண்ணாச்சி. எங்க வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்."

எங்கே வேண்டுமானாலும் போவதுதான் அவளுக்குப் பயம். அதைக் கிளப்பக் கயிற்றை வெடுக்வெடுக்கென்று இழுக்கவும் வேண்டும். தைத்த நெஞ்சு.

"வயர் வச்சதே குடுங்க" என்றாள்.

"ஆட்டுக்குட்டிக்குக் கயிறு வாங்குறா" என்று கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார் அவர். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

காலையில் செயினுக்கு எண்ணெய் ஊற்றினார். மகன் போட்டுவிட்டுப் போன பழைய ஷூவைக் காலில் மாட்டினார். வயர்கள் சேரும் இடம் ஈரத்தில் கிடக்காமல் இருக்க, அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் தூக்கி வைத்தாள்.

மிஷின் உறுமியது.

பச்சைத் தூள் பறந்தது. கசந்த வாசம் அடுக்களை வரைக்கும் வந்தது. ஒரு துண்டு அறுந்து விழுந்தது. இன்னொன்று.

ஜன்னலைத் திரும்பிப் பார்த்து, "எப்படி!" என்றார். முகமெல்லாம் மரத்தூள்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வழி திறந்தது. கதவும் திறந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் மேலே பார்த்தார்.

முறிந்த இடத்தில் ஒரு கொம்பு, பட்டையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார். சேற்றில் அதன் ஒரு கால் புதைந்தது.

"வேணாங்க" என்று அவள் சொன்னது மிஷின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

வலது காலை நாற்காலியில் வைத்தார்.

அவள் சுவிட்சை அணைத்தாள்.

எவ்வளவு அமைதி! கிளையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கூடக் கேட்டது.

அவர் மிஷினின் விசையை அமுக்கிப் பார்த்தார். மறுபடி அமுக்கினார்.

"ஏய் மாரிக்கனி, கரண்டு போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"எப்ப வருமாம்?"

"கம்பத்துல வேலை பாக்குறாகளாம். சாயங்காலம் ஆயிருமாம்."

நன்றாகத்தான் சொன்னாள். குரல் பிசகவில்லை.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அந்தப் பக்கம், பேச்சியக்கா வீட்டில், மாவாட்டுகிற கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்துக் கரண்டு. அங்கே போனால் இங்கேயும் போகும். அங்கே வந்தால் இங்கேயும் வரும். தெருவுக்கே தெரியும்.

மாரிக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கத்துவார். வந்து சுவிட்சைப் போடுவார். அப்புறம் ஏறுவார்.

அவர் மதிலைப் பார்த்தார்.

தொங்குகிற கொம்பைப் பார்த்தார்.

நாற்காலியில் இருந்த தன் காலைப் பார்த்தார். நாற்காலி சேற்றில் இன்னும் கொஞ்சம் புதைந்திருந்தது.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

நாற்காலியின் முதுகைப் பிடித்து, மெதுவாக, மிக மெதுவாக, காலை எடுத்துத் தரையில் வைத்தார். மிஷினை அறுத்த மரத்தின் மேல் சாய்த்தார். நாற்காலியைச் சேற்றிலிருந்து பிடுங்கித் திருப்பிப் போட்டு, அதிலேயே உட்கார்ந்தார்.

ஒரு பெருமூச்சு. அது ஜன்னல் வரைக்கும் வந்தது. இத்தனை நேரம் அவரும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"சாயங்காலமே வரட்டும், என்ன அவசரம்?" என்றார் சீனிராசு. "மேல தொங்குறதுக்கு நாளைக்கு ஆளு வரச் சொல்லு. கரண்டை நம்பி ஏற முடியாது பாரு."

"ஆமாங்க" என்றாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு இரண்டு டம்ளரில் காப்பி ஆற்றி எடுத்துக்கொண்டு, திறந்த கொல்லைக் கதவு வழியாகப் போனாள். அவர் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். பக்கத்தில் கிடந்த மரத்துண்டில் அவள் உட்கார்ந்தாள்.

பேச்சியக்கா இட்லிக்கு நிறையத்தான் ஆட்டினாள் போலிருக்கிறது. வெகுநேரம் ஓடியது அந்தக் கிரைண்டர்.

இரண்டு பேர் காதிலும் விழவே இல்லை.

எழுந்திருங்கள், செல்லங்களா. உங்கள் வீட்டில் யார் எந்த உயரத்துக்கு ஏறினாலும், பூப்போலக் கீழே இறங்கி வந்து, சூடு ஆறுவதற்குள் காப்பி குடிக்கட்டும்.