சுதி விட்ட ஸ்டீரியோ

“இன்னும் சுதி விலகுதுப்பா. அதே பாட்டு, அதே சரணம், அதே இடம்.”

காரை விட்டு இறங்காமலே சொன்னார் நடுவர். ஒரே மாதத்தில் இது நாலாவது வருகை. கார் ஸ்டீரியோ மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கடையை விட்டு வெளியே வந்தான்.

நடுவர் என்றால் சும்மா நடுவர் இல்லை. இசைப் பள்ளியில் யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிறவர். இந்த வருடம் வந்து பாடிய அறுபது பேரில் நாலே நாலு பேரை எடுத்துக்கொண்டு, மீதிப் பேரை ‘சுருதி சேரவில்லை’ என்று ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பியவர். அப்படி வீட்டுக்கு வந்தவர்களில் மெக்கானிக்கின் மகளும் ஒருத்தி.

அன்றிலிருந்து அந்தப் பெண் பாடுவதில்லை. குளிக்கும்போதுகூட வாயைத் திறப்பதில்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. பொறுக்க முடியாமல் மெக்கானிக் போய்க் கெஞ்சினான். “முதல்ல என் கார் செட்டைச் சரி பண்ணு. அப்புறம் உன் பொண்ணை இன்னொரு தடவை கேக்கறேன்” என்று நடுவர் பெரிய மனசு பண்ணினார். பள்ளியில் பெயர்ப் பட்டியலை மூடுவது இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு.

“கம்பெனிக்காரன் வெச்ச செட்டையே தூக்கியாச்சே சார். இப்ப இருக்கறது எல்லாமே புதுசு.”

“அந்தத் தகர டப்பாவைப் பத்திப் பேசாதே. அதுல எப்பேர்ப்பட்ட பாடகனும் பிசிறடிப்பான். சரின்னு அதைத் தூக்கிட்டுப் புதுசு போட்டா, இதுலயும் அதே பிசிறு. இதுக்கு என்ன அர்த்தம்?”

“என்ன சார் அர்த்தம்?”

“உனக்கு வேலை தெரியலைன்னு அர்த்தம்.”

மெக்கானிக் இதுவரை செய்த வேலைகளை எண்ணிப் பார்த்தான். முதல் தடவை செட்டை மாற்றினான். இரண்டாம் தடவை கதவுகளில் இருந்த நாலு ஸ்பீக்கரையும் மாற்றினான். மூன்றாம் தடவை சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபையர் வைத்து, தரைவிரிப்பை உரித்து, ஒயர் மொத்தத்தையும் புதிதாக இழுத்தான். இனிமேல் மாற்றுவதற்குக் காரில் ஸ்டீரிங் ஒன்றுதான் பாக்கி.

“எனக்கு ஒண்ணுமே தெரியலையே சார். உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?”

“அதுக்குத்தானே என்னை நடுவரா உட்கார வெச்சிருக்காங்க? உங்களுக்கெல்லாம் காதுங்கறது மூக்குக் கண்ணாடி மாட்டறதுக்கு. எனக்கு அப்படி இல்லை.”

பின் சீட்டில் நடுவரின் மனைவி வாரப் பத்திரிகையில் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இதையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் போலத் தலையை நிமிர்த்தவில்லை.

“கொஞ்ச நேரம் உள்ளே ஃபேனுக்கு அடியில உட்காருங்க சார். நான் போட்டுப் பார்க்கறேன்.”

நடுவர் கடைக்குள் போனதும் மெக்கானிக் முன் சீட்டில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் போட்டான். பல்லவி சுத்தம். சரணமும் சுத்தம். ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. மூன்று தடவை கேட்டுவிட்டு எழுந்தான்.

“சார், சரியாத்தான் இருக்கு.”

“இருக்காதே” என்று சொல்லிக்கொண்டே வந்தார் நடுவர். முன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மெக்கானிக் வெளியே நின்று ஜன்னல் ஓரமாகக் காதை வைத்தான். பாட்டு ஆரம்பித்தது. சரணம் வந்தது. இந்தத் தடவை அவனுக்கே கேட்டுவிட்டது. பிசிறு இருந்தது. சுருதி ஓர் இழை கீழே போய், திரும்பி வர வழி தெரியாமல் திண்டாடியது.

“கேட்டியா?” என்று கண்ணைத் திறந்தார் நடுவர். தோற்றுப்போன செட்டைப் பார்த்து அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“கேட்டேன் சார்.” மெக்கானிக்குக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தக் காதையா சந்தேகப்பட்டோம்? அப்படியானால் மகளைப் பற்றி அவர் சொன்னதும் நிஜம்தான். “எம் பொண்ணு நல்லாப் பாடறான்னு நானா நினைச்சுக்கிட்டேன் சார். அவளையும் நம்ப வெச்சுட்டேன். எங்களுக்குக் காது பத்தாது.”

பின் சீட்டில் பேனா நின்றது.

“ஒத்துக்கிட்டியே, அதுவே பெரிசு” என்றார் நடுவர். “இதைக் கழட்டிட்டு வேற செட்டு போடு. அஞ்சு மணிக்குள்ள முடிச்சா பொண்ணைக் கூட்டிட்டு வா. இல்லைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்.”

அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே தெருமுனை வரை நடந்தார். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குள் குனிந்தான். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிசிறும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் கை அப்படியே நின்றது.

“அதை ஏன் தம்பி கழட்டறீங்க? செட்டு மேல ஒரு தப்பும் இல்லை” என்றார் நடுவரின் மனைவி.

“பின்னே எது மேலம்மா?”

“பாட்டுன்னு ஒண்ணு காதுல விழுந்தா போதும், அவரும் வாயைத் திறக்காம கூடவே முனகுவாரு. சுத்த அபஸ்வரம். அது தன் தொண்டையிலேர்ந்துதான் வருதுன்னு அவருக்கே தெரியாது. இருபத்தெட்டு வருஷமா யாரும் சொன்னதில்லை.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“உங்க பொண்ணு பள்ளியில வந்து பாடின அன்னைக்கும் அவருக்குப் பின்னாடிதான் தம்பி உட்கார்ந்திருந்தேன். நடுவுல போன் வந்து அவர் பேசிட்டிருந்தப்ப நாலு பேர் பாடினாங்க, அவங்களைத்தான் எடுத்துக்கிட்டாரு. உங்க பொண்ணோட நேரம், அவ பாடறப்ப அவரை யாருமே கூப்பிடலை.”