சாவி இனி என்னிடம்

காரின் இடது பக்கம் நீளமாக ஒரு கீறல். கேட் தூணில் காரின் நீலம் ஒட்டியிருந்தது.

"நான்தான் உரசிட்டேன்," என்றார் அப்பா.

முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். எழுபத்து மூன்று வயதிலும் வாரம் மூன்று நாள் தானே காரை எடுத்துக்கொண்டு நீச்சலுக்குப் போய்வருவார். அது இல்லையென்றால் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி.

மகன் கையை நீட்டினான். "சாவியக் குடுங்க. இனிமே என்கிட்டயே இருக்கட்டும்."

அப்பா வாதாடவில்லை. கண் டாக்டர் சொன்னால் தந்துவிடுகிறேன் என்றார். அவரே போன் போட்டு நேரமும் வாங்கிவிட்டார்.

அன்று காரை ஓட்டியது மகன். வழியெல்லாம் வகுப்பெடுத்தான். வயசானால் பார்வை மங்கும், நிதானம் தப்பும், அதை ஒத்துக்கொள்ளத்தான் பக்குவம் வேண்டும். நடுவில் ஒருமுறை, "சிக்னல் சிவப்புப்பா, நிறுத்து," என்று அப்பா சொல்ல வேண்டியிருந்தது. பேச்சு மும்முரத்தில் கவனிக்கவில்லையாம்.

கிளினிக்கில் அப்பா படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். வரவேற்பில் இருந்த பெண் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயா, வயசு நாற்பத்தெட்டுன்னு போட்டிருக்கீங்களே?"

"இப்பல்லாம் அவருக்கு ஞாபகம் கொஞ்சம் முன்னப் பின்ன," என்று மகன் குரலைத் தாழ்த்தினான். திருத்துவதற்காகப் படிவத்தை வாங்கினான். கை நீளுமட்டும் நீட்டிப் பிடித்தான், கண்ணைச் சுருக்கினான். "இவ்வளவு பொடியாவா அச்சடிப்பாங்க? நீங்களே மாத்திடுங்க மேடம்."

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மகன் பேரைக் கூப்பிட்டார்கள்.

"என் பேர்லயா பதிஞ்சீங்க? சரியாப் போச்சு," என்று அவனுக்குச் சிரிப்பு.

"பதிஞ்சது பதிஞ்சாச்சு. முதல்ல நீ உக்காரு. என்ன செய்யறாங்கன்னு பாத்துட்டு நான் உக்காருறேன்."

சின்னப் பிள்ளைக்கு ஊசி போடுகிற மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தபடி உட்கார்ந்தான்.

முதல் வரியை வாசித்தான். இரண்டாவதில் திணறினான். மூன்றாவதில் இல்லாத எழுத்தையெல்லாம் சொன்னான். டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்.

"இந்தக் கண்ணோடயா இத்தனை நாள் ஓட்டினீங்க? கண்ணாடி வர்ற வரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

அப்பா கையை நீட்டினார். மகன் சாவியைக் கொடுத்தான்.

வாசலில் முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரே திருப்பில் காரை வெளியே எடுத்தார் அப்பா.

மகன் கலங்கிய கண்ணைக் கைக்குட்டையால் ஒத்திக்கொண்டான்.

"அப்பா, அந்தக் கீறல்..."

"செவ்வாக்கிழமை நீ ஆபீஸ்லருந்து வந்தப்போ. மாடியிலருந்து பாத்துட்டுதான் இருந்தேன். பாட்டு அலறிட்டிருந்துது, உரசினதே உனக்குத் தெரியல."

"அப்புறம் ஏன் பழியத் தூக்கி உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

அப்பா கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, நிதானமாக வலது பக்கம் திருப்பினார்.

"உனக்குக் கண்ணு சரியில்லன்னா நீ நம்ப மாட்ட. எனக்குன்னா உடனே நம்பிடுவ."