நாற்பதாவது வீட்டுக் குழாய்

அந்தத் தெருவின் நாற்பது வீட்டுக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் பக்குவமாகி வயலுக்கு உரமாகப் பாயும். வேறு உரம் கிடையாது. யாராவது சாப்பிடும் வீரிய மருந்து கழிவோடு கலந்துவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மடை தானாக மூடிக்கொள்ளும்.

பத்து நாளாகச் சிவப்புதான் எரிந்தது. நெற்பயிர் மஞ்சளாகிவிட்டது. தொட்டியைக் கவனித்துவந்த இருதயராஜ் ஒவ்வொரு வீட்டுக் குழாயாகச் சோதித்தான். கடைசியில் அகப்பட்டது அவன் வீடுதான். மனைவி ஆரோக்கியத்துக்கு டாக்டர் புதிதாகக் கொடுத்திருந்த வலிப்பு மாத்திரை. அதை அவளிடம் மட்டும் சொன்னான்.

சொன்ன நான்காம் நாள் காலை பச்சை எரிந்து மடை திறந்தது. தெருவே கைதட்டியது. இருதயராஜ் வீட்டுக்கு ஓடினான்.

ஆரோக்கியம் அடுப்படியில் நினைவின்றிக் கிடந்தாள். அவளை மடியில் சாய்த்து முகத்தைத் துடைத்தான். வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தாள்.

"பயிரு காயுதேன்னுதாங்க மாத்திரைய நிறுத்துனேன்."

அவன் ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீரோடு நீட்டினான்.

"மறுபடியும் சிவப்பு எரியுமே? யாரு வீடுன்னு தெருவுல கேப்பாங்களே?"

"நம்ம வீடுதான்னு நானே சொல்லிடுறேன். நீ முழுங்கு."