ஒரே மாதிரி கனெக்டர்

இரும்பை வெட்டும் பழைய சிஎன்சி மெஷினுக்குப் புது சென்சார்களைப் பார்த்துப் பார்த்து எடுத்தவர், வயரைச் சொருகும் கனெக்டர் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கேட்டார். கடைக்காரர் மனதுக்குள், 'கஞ்சப்பிசினாறி' என்று திட்டிக்கொண்டார்.

"மெஷின் கதவு சென்சாருக்காவது வேற போடுங்க சார். கூலன்ட் தண்ணி சென்சாரோட மாத்திச் சொருகிட்டா, கதவத் திறந்தாலும் கட்டர் நிக்காது. கை போயிடும்."

"அப்படியா?"

"மெஷின ஓட்டப்போறது யாரு?"

"என் தம்பிதான். அவசரக்காரன். கதவத் திறந்ததும் பொசுக்குனு கைய விடுவான்."

"அப்ப கண்டிப்பா வேறதான் போடணும்."

வந்தவர் ஒரு கனெக்டரைக் கழற்றி, மற்றதன் இடத்தில் சொருகிப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"மாத்திச் சொருகினது யாருன்னு பின்னாடி தெரியுமா?"

"அது எப்படிங்க தெரியும்?"

"சரி, இதையே குடுங்க."