ஏஞ்சலினுக்கு ஆடத் தெரியாது

"இப்போ குதிக்காத. நெருப்பு அடங்கட்டும்" என்றான் எபினேசர்.

அதற்குள் அவன் மனைவி ஏஞ்சலின் பட்டனை அழுத்திவிட்டாள். டிவியில் இரும்பு ரோபோ பள்ளத்தில் விழுந்து வெடித்தது. அந்தக் காலத்து வீடியோ கேம் தினுசு. விழுந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

"ஒரு பள்ளத்தத் தாண்ட எத்தினி நாளு? நானா இருந்தா கண்ண மூடிக்கினு தாண்டியிருப்பேன்."

"நீ சொல்லிக்குடுக்கற லட்சணம் அப்டி."

"நான் இன்னா சொன்னேன், நீ இன்னா பண்ண? குதிச்சி, மேல இருக்கும்போதே சுடணும்."

அவள் மறுபடி விழுந்தாள். திட்டிச் சிரித்துவிட்டு, சாப்பிட்ட களைப்பில் எபினேசர் அப்படியே தூங்கிப்போனான்.

ஏஞ்சலின் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆடினாள். ரோபோ பள்ளத்தைத் தாண்டியது. அடுத்தடுத்த கோட்டைகளைத் தாண்டி, கடைசி ராட்சச இயந்திரத்தையும் சுட்டு வீழ்த்தியது. எப்போதோ அவளுக்குக் கைவந்துவிட்ட ஆட்டம்தான். ஜெயித்ததை அழித்துவிட்டு, ரோபோவைப் பழையபடி பள்ளத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பிரஸ் மெஷின் இரண்டு கையையும் வாங்கிக்கொண்ட பிறகு, எபினேசர் யாரிடமும் பேசுவதில்லை. அவன் வாயைத் திறப்பது இவள் விழும்போது மட்டும்தான்.

அவன் கண் விழித்தான். "தாண்டிட்டியா?"

"எங்க தாண்டறது? நீ சொல்லு, கேக்கறேன்" என்றாள் ஏஞ்சலின்.