சாமிக்காக வந்தவர்

"பொண்ணு மட்டும் போதும். அம்மா வேண்டாம்" என்றார் வெல்டன்.

பிலடெல்பியா துறைமுகத்தில் நின்ற கப்பலின் மேல்தளம். பயணக் கட்டணம் கட்ட வழியில்லாத ஜெர்மானியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அதைக் கட்டி அவர்களை எடுத்துக்கொள்பவர் வீட்டில் ஐந்தாறு வருஷம் உழைத்துக் கழிக்க வேண்டும்.

அப்பொலோனியா மகளை இறுக அணைத்துக்கொண்டாள்.

"ஐயா, இவ அப்பா கடல்லயே போயிட்டாரு. எங்களைப் பிரிச்சிடாதீங்க. நான் பால் கறப்பேன், நூல் நூப்பேன், எது சொன்னாலும் செய்வேன்."

"எங்க வீட்ல ஒரு ஆளுக்குத்தாம்மா வேலை இருக்கு."

"சேர்த்தே கூட்டிட்டுப் போங்களேன், வெல்டன் அண்ணே" என்றான் கூட வந்த யோஸ்ட். "சர்ச் மூப்பருக்கு இல்லாத வசதியா?"

"உனக்குத் தெரியாது யோஸ்ட். அந்தக் காலத்துல நாங்க வந்தது சாமிக்காக. பயமில்லாம முழங்கால் போட ஒரு இடம் தேடி வந்தோம். இப்ப வர்றது பூரா வயித்துக்காக வர்ற கூட்டம்."

அவள் பக்கம் திரும்பினார்.

"உங்களையெல்லாம் யாரும்மா இங்க வரச் சொன்னா?"

"கடுதாசி வந்துச்சுங்க. பக்கத்து ஊருக்கு ஒருத்தர் எழுதினது. அதைப் பார்த்து எழுதிட்டு வந்து எங்க சர்ச்சுல வாசிச்சாங்க."

"என்னன்னு?"

"இங்க வேலைக்காரனுக்கே மூணு வேளையும் கறி, என் மாடுகளை எண்ணி முடிக்க அரை நாள் ஆகுது, எல்லாரும் கிளம்பி வாங்கன்னு. அதைக் கேட்டுத்தான் இவ அப்பா வீட்டை வித்தாரு."

யோஸ்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "எவன் அந்த அண்டப்புளுகன்? கையில கெடைச்சா பாய்மரத்துல கட்டிவெச்சுத் தோலை உரிக்கணும்!"

வெல்டன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரையும் என் பேர்ல எழுதிக்குங்க" என்றார் கப்பல் எழுத்தரிடம்.

"அடேங்கப்பா! திடீர்னு இவ்ளோ பெரிய மனசா!" யோஸ்ட் அவர் முதுகில் தட்டினான்.

சிறுமி அம்மாவின் பாவாடையை இழுத்தாள்.

"அம்மா, கடுதாசி கடைசியில வெல்டன்னு ஒரு பேரு வாசிச்சாங்களே, அது இவருதானா?"

அப்பொலோனியா சட்டென்று மகளின் வாயைப் பொத்தினாள்.

"அவரு வேறடி. இவரு நல்லவரு" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.